குடற்பை அழற்சியின் காரணங்கள்: ஒரு கருத்து வரலாறு

முன்னுரை

நோய்க்குப் பெயர் முதலிலும் காரணம் பின்னரும் கிடைப்பது மருத்துவ வரலாற்றில் புதிதன்று. அறுவை மருத்துவமே உருவாக்கிய ஓர் உறுப்பில் தோன்றிய நோய்க்கும் அதுவே நேர்ந்தது. புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சியால் பெருங்குடலை இழந்தோருக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துத் தைத்து அமைக்கப்படும் குடற்பையில் ஏற்படும் அழற்சியே இங்கு ஆய்பொருள். அதன் காரணம் பற்றிய கருத்துகள் எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

பையும் பெயரும்

சுவீடனின் கோதன்பர்க் நகர அறுவை மருத்துவர் நில்ஸ் கொக், வயிற்றுச் சுவரின் உட்புறம் அமைந்த குடற்பையை 1969இல் அறிவித்தார். இலண்டன் புனித மார்க் மருத்துவமனையின் ஆலன் பார்க்சும் ஜான் நிக்கல்சும் 1978இல் குடற்பையை ஆசனவாயோடு இணைக்கும் முறையை வெளியிட்டனர். ஜப்பானின் உட்சுனோமியா 1980இல் விளக்கிய ‘ஜே’ வடிவப் பையே இன்று பெருவழக்கு. பார்க்சின் கட்டுரைக்கு முன்பே, 1977இல், கொக் தம் பைகளில் கண்ட அழற்சிக்குப் பெயரிட்டுவிட்டார். பிற்காலத்தார் வேறு வடிவப் பைகளுக்கும் அப்பெயரையே நீட்டினர். பல நிலைமைகள் ஒரே பெயருக்குள் அடங்கிய குழப்பத்தின் தொடக்கம் இதுவெனக் கருதலாம்.

தேக்கம் என்னும் முதல் விளக்கம்

ஓடிக்கொண்டிருக்க வேண்டிய குடற்பொருள் பையில் தேங்குகிறது, தேக்கத்தில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, அழற்சி உண்டாகிறது. எளிமையும் இயல்பும் வாய்ந்த இவ்விளக்கத்திற்கு மெட்ரோனிடசோல் மருந்தால் நோயர் பலர் குணமடைந்தமை துணைநின்றது. தற்காலிகக் குடல்வாய் மூடப்பட்டு, மலம் பைக்குள் செல்லத் தொடங்கிய பின்னரே அழற்சி பெரும்பாலும் தோன்றுகிறது என்பதும் இதற்குச் சான்றானது.

ஆயினும் ஓர் ஒப்பீடு இவ்விளக்கத்தை அசைத்தது. குடும்பவழிப் பாலிப் நோயுடையோருக்கும் இதே அறுவை செய்யப்படுகிறது. அதே பை, அதே தையல், அதே தேக்கம். எனினும் அவர்களிடம் அழற்சி அரிது. பெருங்குடல் அழற்சியுற்றிருந்தோரிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் வரை ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர். தேக்கம் வேண்டிய காரணமாக இருக்கலாம், போதிய காரணமன்று. இவ்வரலாற்றில் இதனினும் வலுவான வாதம் இல்லை என்பது என் கருத்து. எந்த ஆய்வகக் கருவியின் துணையுமின்றி, இரு நோயர் குழுக்களை அருகருகே வைத்து நோக்கியதால் மட்டும் பெறப்பட்ட வாதம் அது.

பழைய நோயின் மறுவருகையா?

பையின் சளிச்சவ்வு காலப்போக்கில் பெருங்குடற் சவ்வின் சாயலைப் பெறுகிறது; குடலுறிஞ்சிகள் தட்டையாகின்றன. ஆகவே பழைய நோயே புதிய இடத்தில் குடியேறுகிறது எனச் சிலர் வாதிட்டனர். பித்தநாளத் தழும்பழற்சி உடையோரிடம் குடற்பை அழற்சி மிகுதியாகக் காணப்படுவது இதற்கு இசைவானது. புகைப்போரிடம் குடற்பை அழற்சி குறைவு என்னும் கண்டறிவும் பெருங்குடல் அழற்சியின் போக்கை ஒத்ததே. (இதனைப் புகைத்தலுக்கான பரிந்துரையாக எவரும் கொள்ளலாகாது.) ஆனால், சவ்வு மாற்றம் அழற்சி இல்லாத பைகளிலும் உண்டு, எனவே அதுவும் தனித்து நிற்கவில்லை. பித்த அமிலங்கள், குருதியோட்டக் குறைவு, குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலப் பற்றாக்குறை முதலிய கருதுகோள்களும் எழுந்தன. அவற்றுள் எதுவும் நிலைபெறவில்லை.

நுண்ணுயிரும் உடலும்

2000இல் இத்தாலியின் கியோன்கெட்டி குழுவினர், எதிருயிரி மருந்தால் அழற்சி தணிந்திருந்த 40 பேரை இரு குழுக்களாக்கி ஒன்பது மாதம் பின்தொடர்ந்தனர். நன்மைசெய் பாக்டீரியாக் கலவை பெற்ற 20 பேரில் மூவருக்கே நோய் மீண்டது; வெற்று மருந்து பெற்ற 20 பேருக்கும் மீண்டது. சிறிய ஆய்வாயினும் அது வினாவையே திருப்பியது. எத்தனை பாக்டீரியா என்பது பின்தள்ளப்பட்டு, எவ்வகைப் பாக்டீரியா, எவருடைய நோயெதிர்ப்பாற்றலின் முன் என்பது முன்வந்தது.

எதிருயிரிக்கு இணங்காத நாட்பட்ட அழற்சியில் இவ்வினா நடைமுறைச் சுமையாகிறது. சைட்டோமெகலோ வைரசு, கிளாசுட்ரிடியம் டிஃபிசில் தொற்று, வலிநீக்கி மாத்திரைகள், முன்னர் அடையாளம் காணப்படாத குரோன் நோய் ஆகிய ஒவ்வொன்றும் அதே பெயருக்குள் மறைந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. காரணத்தைப் பிரித்தறியாது எதிருயிரியை மட்டும் மாற்றி மாற்றித் தருமிடத்து, நோயர் பையையே இழந்து நிலையான குடல்வாய்க்குத் திரும்ப நேர்வதுண்டு. அதனைத் தவிர்ப்பதற்காகவே அவருக்கு அந்தப் பை அமைக்கப்பட்டது.