நவம்பர் 19: கழிப்பறைக்கும் ஒரு நாள்

உலகக் கழிப்பறை நாள் என்றதும் பலருக்குச் சிரிப்பு வருகிறது. சிங்கப்பூர்க்காரர் ஜாக் சிம் 2001 நவம்பர் 19 அன்று உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். பேசக் கூசுவதைப் பேசவைக்க நகைச்சுவையையே கருவியாக்கினார். 2013இல் ஐ.நா. பொதுச்சபை அந்நாளை ஏற்றது.

அதே ஆண்டு இங்கே, கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1993 சட்டம் ஏட்டோடு நின்றதால் வந்த இரண்டாவது சட்டம் அது. நடைமுறைக்கு வந்த நாள் டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள்.

2023 அக்டோபரில் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக்கியது உச்ச நீதிமன்றம். சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்தும் தேவையே வந்திருக்காது.

எத்தனை கழிப்பறை கட்டினோம் என்று கணக்குச் சொல்லும் நாளில், அதன் தொட்டிக்குள் இறக்கப்படுவது யார், எந்தச் சாதி என்றும் கேட்போம்.