எட்டு லட்சத்துக்குக் கீழே

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரக ராணுவத் துப்பாக்கியின் வயதை அதன் உடற்பகுதியில் பொறித்த வரிசை எண் சொல்லிவிடும். அந்த எண்ணுக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது.

1917-இல் சில துப்பாக்கிகள் சுடும்போதே வெடித்துச் சிதறின. ஆராய்ந்தவர்கள் பட்டறை உலைக்குப் போய் நின்றார்கள். அங்கே அனுபவசாலிகள் எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்துவந்தார்கள். கருவி வைத்து அளந்தபோது உண்மை தெரிந்தது: மேகமூட்டமான நாளில் சரியாகத் தோன்றிய நிறம், வெயில் நாளில் தோன்றுவதற்கு எஃகு 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாகக் காய வேண்டியிருந்தது. அப்படிக் கருகிய எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். கைத்திறனில் குறையில்லை; வெளிச்சம் ஏமாற்றியது.

1918-இல் இருமுறை சூடேற்றிப் பதப்படுத்தும் முறை வந்தது. ஆகவே அதற்கு முன் செய்யப்பட்டவை, அதாவது ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000-க்கும், இதே துப்பாக்கியைச் செய்த ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507-க்கும் கீழான எண்கள், சந்தேகத்துக்குரியவை.

குழல் முனையருகே அது தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். அதை மட்டும் நம்பக் கூடாது. பழைய உடற்பகுதியில் புதுக்குழல் பொருத்துவது ராணுவத்தில் வழக்கமாக இருந்தது.

எந்த உடற்பகுதி கருகியது என்று வெளிப்பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி பதப்படுத்தினாலும் கருகிய எஃகு தேறாது. குறைந்த எண் கொண்ட துப்பாக்கி கைக்கு வந்தால் அலமாரியில் வையுங்கள், தோட்டா போடாதீர்கள்.