இணைப்புத்தொடர்க் காற்புள்ளி

ஆங்கில வாக்கியத்தில், முன் கூறியதற்கும் பின் கூறுவதற்கும் சம்பந்தம் காட்டி நிற்கும் 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'ஃபார் எக்ஸாம்பிள்' முதலிய தொடர்கள் தொடக்கத்தில் வருமாயின் அவற்றின் பின்னே ஒரு காற்புள்ளியும், இடையில் வருமாயின் இருபுறமும் காற்புள்ளிகளும் இடுவது பொது விதி. தாமே பூரணமான இரு வாக்கியங்களின் நடுவே இவை நிற்குங்கால், முன்னே அரைப்புள்ளியும் பின்னே காற்புள்ளியும் வேண்டும். முன்னும் வெறும் காற்புள்ளியிட்டு அமைவது, கற்றோரும் செய்வதாயினும், பிழையே. 'தென்', 'தஸ்' போன்ற சிறுசொற்களுக்குப் பின் குறியை விடுவதுமுண்டு. அது எழுதுவோரின் செவியைப் பொறுத்தது. 'ஹவெவர்' என்பதற்கோ அச்சுதந்திரம் இல்லை. 'ஹவெவர் ஹார்ட் ஹீ ட்ரைட்' என்று குறியின்றி எழுதினால், 'அவன் எவ்வளவு முயன்றும்' என அர்த்தமே வேறாகிவிடும்.