ஏடு பெயர்த்தலும் இயங்குதளம் மாற்றலும்



சென்ற மாதம் ஒருநாள் மாலை, வெள்ளவத்தைக் காலி வீதியிலே என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். என் கைத்தொலைபேசிக்கு வயது ஏழாகிவிட்டது. அதனை ஆக்கியோர் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதை எப்பொழுதோ நிறுத்திவிட்டனர். கருவியோ நல்ல நிலையில் இருக்கின்றது. எறிந்துவிட மனம் ஒருப்படவில்லை. வேறோர் இயங்குதளத்தை அதிலே நிறுவலாமோ என்று அவனை வினவினேன். “நிறுவலாம், சேர். உள்ளதையெல்லாம் முதலிலே பிரதி எடுத்துவிட்டீர்களா?” என்று அவன் திருப்பிக் கேட்டான். அவ்வொரு கேள்வி என்னை நம் ஏடுகளின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

பனையோலை நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் செல்லையும் நெடுங்காலம் தாங்காது. ஆகவே, பழைய ஏடு சிதைவதற்கு முன்னரே புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதுவதும், எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்குவதும் நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கமாயின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், பல இடத்து ஏடுகளையும் தேடி ஒப்பிட்டு, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். பிரதி பல இருந்த நூல் பிழைத்தது. ஒன்றேயிருந்து அதுவும் அழிந்த நூல் மறைந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவை இன்றுவரை மீளவில்லை.

இனி, இயங்குதளத்தின் கதைக்கு வருவோம். எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் கூடிய மென்பொருள் வேண்டுமென்று 1983 இல் அமெரிக்காவிலே றிச்சாட் ஸ்டோல்மன் ஓர் இயக்கத்தைத் தொடக்கினார். 1991 இல், பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவினை வெளியிட்டார். அக்கருவின்மேல் எழுந்ததே அண்ட்ரொயிட். அதனைத் தாங்கிய முதற் கைத்தொலைபேசி 2008 இல் விற்பனைக்கு வந்தது. அதன் மூலநிரல் வெளியிடப்பட்டமையால், மறுவருடமே ஆர்வலர் சிலர் சயனோஜென்மொட் என்னும் மாற்றுத்தளத்தை அமைத்தனர். 2016 இறுதியிலே அதற்குப் பின்னின்ற நிறுவனம் அப்பணியைக் கைவிட்டது. ஆயினும் நிரலின் பிரதி பலர் கையிலும் இருந்தமையால், லினியேஜ் என்னும் பெயரோடு அது மீண்டும் தழைத்தது. பல பிரதியுள்ள ஏடு பிழைத்தவாறே இதுவும் பிழைத்தது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்பின், காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிந்து நிருவகிக்க, இலங்கை வல்லுநர் சஹானா என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். பின்னர்ப் பிறநாட்டுப் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. மீண்டும் 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது, புதிய கைத்தொலைபேசி பலருக்கு எட்டாக்கனி ஆயிற்று. பழையதைப் பேணிப் பாவிக்கும் கலையின் அருமை அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று.

அக்கலைக்கு வேண்டிய ஆயத்தங்கள் யாவை? முதலாவது, கருவியின் மாதிரிப் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தல் வேண்டும். ஒரு மாதிரிக்கு ஆக்கிய தளத்தைப் பிறிதொன்றிலே புகுத்தினால், கருவி செங்கல்லாய்க் கிடக்கவும் கூடும். இரண்டாவது, இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை வெளியிட்டோர் தந்த எண்ணோடு ஒப்பிடல் வேண்டும். மூன்றாவது, மின்கலத்தை நன்கு நிரப்புதல் வேண்டும். நான்காவதே தலையாயது. கருவி தொடங்கும்போது ஆக்கியோரின் முத்திரையைப் பார்த்தே உள்ளே விடும் வாயில்காப்பு நிரல் ஒன்றுண்டு. அப்பூட்டைத் திறந்த கணமே, உள்ளிருக்கும் படம், குரல், கடிதம் யாவும் அழிக்கப்படும். திருடன் பூட்டைத் திறந்து பிறர் அந்தரங்கத்தைப் படித்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால், அது திருடனையும் உடையவனையும் பிரித்தறியாது. அன்றியும், உத்தரவாதம் இழக்கப்படலாம். வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கலாம். இவற்றையும் முன்னரே எண்ணித் துணிதல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் வாழும் ஆசிரியை ஒருவர், தம் தந்தையாரின் பேச்சைக் கைத்தொலைபேசியிலே பதிந்து வைத்திருந்தார். பழைய கொட்டாஞ்சேனையின் தெருக்களும், துறைமுகத் தொழிலாளரின் வாழ்வும், திருவிழாக் காலங்களும் முதியவர் வாயிலாக அதில் அடங்கியிருந்தன. திருத்துவதற்குக் கொடுத்த இடத்திலே, ஒரு சொல்லுங் கேளாது தளத்தை மாற்றிவிட்டார்கள். கருவி புதிதுபோல் ஓடிற்று, குரல் போயிற்று. தந்தையாரோ அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். இனி யாரிடம் கேட்டுப் பதிவது? பொது நூலகத்தின் அழிவை ஊரே அறிந்து அழுதது. இவ்விழப்போ ஒரு வீட்டுக்குள்ளேயே அடங்கிற்று.

நேயர்களே, நான் என் கருவியின் பூட்டை இன்னும் திறக்கவில்லை. இரண்டு இடங்களிலே பிரதி எடுத்து வைத்து, கோப்புகளை ஒவ்வொன்றாய்த் திறந்து சரிபார்த்து வருகின்றேன். திறந்து பாராத பிரதி, ஒப்புநோக்காத ஏட்டைப் போன்றது. இவ்வேலைக்கு இன்னும் இரண்டு மாலைகள் செல்லும். அதன்பின் அம்மாணவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றான்.