செயலியின் வேகத்தைக் குறைத்தால் ஆற்றல் மிச்சமாகுமா? ஒரு சோதனை வரலாறு

செயலியை மெதுவாக ஓட்டினால் மின்சாரம் மிச்சமாகும் என்பது பாதி உண்மையே. ஒரு வேலைக்குத் தேவையான கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை வேகத்தோடு மாறுவதில்லை. அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் வேலை இருமடங்கு நேரம் நீளும். துடிப்புகளுக்காகும் ஆற்றல் ஏறத்தாழ அதேதான். மெதுவான ஓட்டம் மின்னழுத்தத்தையும் குறைக்க இடம் தருகிறது என்பதில்தான் ஆதாயம் இருக்கிறது. ஏனெனில் ஒரு துடிப்புக்காகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. இந்த ஆதாயத்தை அளக்க முயன்ற வரலாறு, எதை அளப்பது என்ற வழக்கின் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

1994இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த மார்க் வைசர், பிரென்ட் வெல்ச், ஆலன் டெமர்ஸ், ஸ்காட் ஷென்கர் ஆகியோர் யுனிக்ஸ் கணினிகளின் அன்றாடப் பயன்பாட்டைப் பதிவுசெய்து, வேகம் மாறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று உருவகப்படுத்திப் பார்த்தனர். மூன்று உத்திகளை ஒப்பிட்டனர்: எதிர்காலம் முழுவதும் அறிந்தது, அண்மை எதிர்காலம் மட்டும் அறிந்தது, கடந்த கணத்தை மட்டும் அறிந்தது. நடைமுறைக்கு உதவக்கூடியது மூன்றாவது ஒன்றே. 5 வோல்ட்டில் இயங்கும் செயலி 2.2 வோல்ட் வரை இறங்க முடிந்தால், 50 மில்லிவினாடிக்கு ஒருமுறை வேகத்தை மாற்றுவதன் மூலம் 70 விழுக்காடு வரை மிச்சமாகும் என்றது அவர்கள் கணக்கு. வேகத்தை மாற்ற நேரமே ஆகாது, ஓய்வில் ஆற்றலே செலவாகாது என்ற எடுகோள்களை அவர்கள் ஒளிக்கவில்லை. ஆனால் அவற்றைச் சோதிக்கக் கையில் ஒரு கருவி வேண்டியிருந்தது.

அந்தக் கருவி காம்பாக் நிறுவனத்தின் 'இட்ஸி' என்னும் கையடக்கக் கணினி. 59 முதல் 206 மெகாஹெர்ட்ஸ் வரை வேகம் மாற்றவல்ல ஸ்ட்ராங்ஆர்ம் செயலி அதில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் டெர்க் கிரன்வால்டும் குழுவினரும் அதில் லினக்ஸைத் திருத்தி, காணொளி, இணைய உலாவல், சதுரங்கம் போன்ற பணிகளை ஓட்டி, உண்மையான மின்செலவை அளந்தனர். காணொளிக்கு ஏறத்தாழ 133 மெகாஹெர்ட்ஸ் போதும். அந்த வேகத்தில் நிலைத்திருப்பதே அறிவுடைமை. ஆனால் கடந்தகாலச் சராசரியை நம்பிய உத்தி அங்கே நிற்கவே இல்லை. பளு தெரிந்ததும் வேகத்தை ஏற்றும், ஏற்றியதும் ஓய்வு மிகும், ஓய்வைக் கண்டு இறக்கும், மறுபடியும் பளு. ஊசலைத் தணிக்கச் சராசரியின் காலத்தை நீட்டினால், திடீர்த் தேவைக்கு எழுவதற்குள் காணொளிச் சட்டம் பிந்திவிடும். உருவகப்படுத்தலில் நம்பிக்கை தந்த உத்திகள், பயனர் உணராதபடி ஆற்றலை மிச்சப்படுத்தும் நோக்கத்தில் தொடர்ந்து தவறின என்பதே அவர்கள் முடிவு.

இதில் ஒரு பழைய எதிரொலி உண்டு. வேகத்தைத் தீர்மானிக்கும் நிரலை லினக்ஸ் உலகம் 'கவர்னர்' என்கிறது; நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக்கிய கருவிக்கும் அதே பெயர். அக்கருவிகள் சீராகாமல் ஊசலாடுவது எப்போது என்பதை மேக்ஸ்வெல் 1868இலேயே கணிதத்தால் ஆராய்ந்திருந்தார். சொல்லின் வேர், கப்பலைச் செலுத்துதல் என்று பொருள்படும் கிரேக்க வினை. 'ஆளுநர்' என்னும் தமிழாக்கம் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சுக்கானை விட்டுவிடுகிறது. பழந்தமிழின் 'மீகாமன்' இன்னும் நெருக்கமானது.

2004இல் வெங்கடேஷ் பள்ளிப்பாடியின் 'ஆன்டிமாண்ட்' கவர்னர் லினக்ஸில் சேர்ந்தது. பளு வரம்பைத் தாண்டினால் நேராக உச்சவேகம் என்பது அதன் விதி. நேர்த்தியைவிடத் தாமதமின்மையே அதற்கு முக்கியம்.

அடியாக விழுந்த சோதனை 2010இல் வந்தது. சிட்னியின் எட்டியேன் லெ சூயரும் கெர்னாட் ஹைசரும் மூன்று தலைமுறை ஏஎம்டி ஆப்டெரான் செயலிகளை ஒப்பிட்டனர். பழையவற்றில் வேகக் குறைப்பு பலன் தந்தது. மிகப் புதியதிலோ, நினைவகத்துக்காகக் காத்திருக்கும் பணியில்கூட ஆற்றல் செலவு கூடியது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்தபோது மின்கசிவு வளர்ந்தது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் இடைவெளியும் சுருங்கியது. 1994இன் கணக்கு துடிப்புக்குக் கூலி கொடுத்தது. கசிவோ நேரத்துக்கு வாடகை கேட்கிறது. மெதுவாக ஓடுபவர் நெடுநேரம் வாடகை தருகிறார். உறக்கநிலைகளும் ஆழமாகிவிட்டதால், விரைந்து முடித்து உறங்குவதே பல இடங்களில் மலிவானது. பல இடங்களில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா இடங்களிலும் அன்று.

2016இல் லினக்ஸ் 4.7உடன் வந்த 'ஸ்கெட்யூட்டில்' வெளியிலிருந்து மாதிரி எடுப்பதை விட்டு, பணி ஒதுக்கியின் சொந்தப் பதிவேட்டிலிருந்தே பளுவை அறிகிறது. அதுவும் கடந்தகாலத்தைக் கொண்டே வருவதை ஊகிக்கிறது. இதற்கிடையே 2011இன் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை முதல் இன்டெல் செயலிகள் தம் ஆற்றல் செலவைத் தாமே அறிவிக்கின்றன. தொடக்கத்தில் அவ்வெண் நேரடி அளவீடன்று. செயல்பாடுகளை எண்ணிச் செய்த மதிப்பீடு. சோதிக்கப்படும் பொருளே சாட்சியும் சொல்கிறது. அந்தக் கணக்கில் மின்வழங்கியின் இழப்பும் விசிறியும் திரையும் வருவதில்லை. எனவே கவனமான சோதனையாளர்கள் இன்றும் சுவர்ச் செருகிக்கும் கணினிக்கும் இடையில் தனியொரு மின்னளவியைப் பொருத்தி, இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள்.