தொழிற்சாலை போன பிறகும் ஓடும் வண்டிகள்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர்கள் பெருங்களத்தூரில் ஒரு பெரிய ஐ.டி. வளாகத்தைப் பார்த்திருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு அதன் வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்பது அந்த வரிசையில் நிற்கும் பலருக்குத் தெரியாது. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அங்கேதான் இருந்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. பிறகு தொழிற்சாலை போனது, நிலம் கைமாறியது. அங்கே செய்த வண்டிகளில் சில மட்டும் இன்றும் ஓடுகின்றன.

செய்த கம்பெனியே இல்லாமல் போன பிறகு ஒரு கார் எப்படி முப்பது நாற்பது வருஷம் ஓடுகிறது? பழைய குடும்பக் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வரும்.

கம்பெனி தொடங்கியது 1948-இல். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோடு சேர்ந்து முதலில் வேன்கார்டு என்ற காரைப் பூட்டி விற்றார்கள். பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட். 1961-இல் ஹெரால்டு வந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் ஒரு குடும்பம் கார் வாங்க நினைத்தால் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்று மூன்றில் ஒன்றுதான். அதற்கும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறக்குமதிக்கு வழியில்லை. ஆகவே கையில் இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்டிக்கொண்டே இருந்தாக வேண்டும். ‘பழைய வண்டியைப் பராமரிப்பது’ என்று அதற்குத் தனிப் பெயர் கிடையாது. கார் வைத்திருப்பது என்றாலே அதுதான். ஐந்து இலக்க ஓடோமீட்டர் 99,999 தொட்டுவிட்டுத் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்தால் யாரும் பதறுவதில்லை.

ஹெரால்டின் உடலமைப்பும் இதற்கு உதவியது. அதன் பின்னால் ஒரு தற்செயல் இருக்கிறது. 1950-களில் உலகமே சேஸிஸ் இல்லாத ஒற்றைக்கூட்டுக் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டுக்கும் அப்படிச் செய்ய ஆசைதான். ஆனால் அவர்களுக்கு உடற்கூடு செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்யும் வசதி கையை விட்டுப் போனது. எனவே 1959-இல் ஹெரால்டு பழைய முறைப்படி தனி சேஸிஸோடு வந்தது. அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டு போட்டு முடுக்கினார்கள்.

கோவென்ட்ரியில் வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு இங்கே வரமானது. கடல் காற்றில் மட்கார்டு துருப்பிடித்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றலாம், வெட்டி ஒட்டலாம், ஒரு டிங்கரிங் கடையில் புதிதாகத் தட்டி எடுக்கலாம். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். 948 சிசி எஞ்சின், ஒரு கார்புரேட்டர். மறைந்திருக்கும் பாகம் என்று அனேகமாக எதுவும் இல்லை.

இந்திய ஸ்டாண்டர்ட் தன் பங்குக்கு வண்டியை மாற்றவும் செய்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். நம்மூர்க் குடும்பம் பின்சீட்டில் ஏறி இறங்குவதற்காக இங்கே நான்கு கதவு வைத்தார்கள். 1970-களில் வந்த கெஸலில் பின்பக்கத் தனித்தனி ஆக்ஸிலை எடுத்துவிட்டு ஒரே ஆக்ஸிலாகப் போட்டார்கள்.

இருந்தாலும் அந்த வண்டிக்கு ஒரு ரகசியம் உண்டு. முன்சக்கரம் திரும்பும் இடத்தின் அடியில் டிரன்னியன் என்று ஒரு மூட்டு இருக்கும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் நாளடைவில் இறுகிவிடும், தண்ணீர் புகும், மரை தேயும். ஒருநாள் சக்கரம் மடிந்து விழும். புத்தகத்தில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் ஷெட்டில் புத்தகம் யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு மெக்கானிக் தன்னிடம் வேலை கற்கும் பையனிடம் சொன்னால்தான் உண்டு. அவன் அடுத்தவனிடம் சொல்ல வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்த இடத்தில் வண்டி நின்றுவிடும், ஓடோமீட்டரில் எத்தனை இருந்தாலும் சரி.

கம்பெனியின் முடிவு சீக்கிரம் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசுக் காரை விட்டார்கள். உடல் இங்கிலாந்தின் ரோவருடையது, எஞ்சின் பழைய வேன்கார்டின் வாரிசு. விலை அதிகம், பெட்ரோலையும் குடித்தது. மூன்றே வருஷத்தில் எல்லாம் முடிந்தது. அதன்பிறகு ஹெரால்டுகளைக் காப்பாற்றியவை புதுப்பேட்டையின் கழித்த பாகக் கடைகளும், ஜி.பி. ரோட்டின் ஸ்பேர் கடைகளும், டிரன்னியனுக்கு என்ன விட வேண்டும் என்று தெரிந்த சில கைகளும்தான்.

அதே 1988-இல்தான் மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறியது. சொந்தக் காரின் பதிவு 15 வருஷம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம் என்றது அது. காருக்குக் காகிதத்தில் ஒரு வயது வந்தது. 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இன்ஷூரன்ஸ் கணக்கு இன்னும் வேகமானது. ஐந்து வருஷம் முடிவதற்குள் வண்டியின் மதிப்பில் 50 சதவீதம் கழிந்துவிடும். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’.

இந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் பகுதி 2015 டிசம்பரில் பார்த்தது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. கார்கள் தண்ணீருக்குள் நின்றன. கார்புரேட்டர் வண்டி என்றால் வைத்தியம் தெரிந்ததுதான்: ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துவந்து, பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு தடவை மாற்ற வேண்டும். புதிய வண்டிகளிலோ கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒயரிங்கும் நனைந்திருக்கும். மதிப்பு ஒன்றரை லட்சம் என்று எழுதியிருக்கும் காருக்குப் பழுதுச் செலவு 1,12,500-ஐத் தாண்டினால் கதை முடிந்தது. ஒழுங்காக சர்வீஸ் செய்து, ஒரு நாளும் வழியில் நிற்காத வண்டி என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

ஸ்டாண்டர்ட் கதை அதே சாலையில் இன்னொரு தடவையும் நடந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு கார் செய்தது. 1999-இல் ஐகான், பிறகு ஃபீகோ, ஈக்கோஸ்போர்ட். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2022-இல் மறைமலைநகரின் கடைசி வண்டி வெளியே வந்தது. பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் தாம்பரம், குரோம்பேட்டை, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஃபோர்டு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று பார்க்கும் வேலை, 1988-க்குப் பிறகு ஹெரால்டுக்காரர்கள் பார்த்த அதே வேலைதான். எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக் கை பழக்கம் என்று விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஹெரால்டின் ரகசியம் ஒரு மூட்டில் இருந்தது, குனிந்து பார்த்தால் தெரியும். இந்த வண்டிகளின் ரகசியம் மென்பொருளில் இருக்கிறது. ஒரு பெட்டியை மாற்றினால் மற்றப் பெட்டிகள் அதை ஏற்க வேண்டும், புதிய சாவி வெட்டினால் இம்மொபிலைசருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும். இதற்காக ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளை, ஃபோர்டு எழுதாத ஒன்றை, ஒரு சின்ன அடாப்டரோடு லேப்டாப்பில் இணைத்துச் சில மெக்கானிக்குகளும் சொந்தக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்குத் தெரியும்: கம்பெனி மனது வைத்தால் இந்தக் கதவைப் பூட்டிவிடவும் முடியும். டிரன்னியனை யாராலும் பூட்ட முடியாது.

பழைய வண்டிகளுக்கு எதிரான நியாயங்கள் பொய்யில்லை. அவற்றின் புகை அதிகம். ஹெரால்டில் ஏர்பேக் கிடையாது, மோதினால் ஆளைக் காக்கும் ஏற்பாடும் அதிகமில்லை. ஆனால் சட்டம் பழைய காரை எப்படிப் பார்க்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருபக்கம் ஸ்கிராப் கொள்கை. மறுபக்கம் 2021-இல் வந்த விதி: 50 வயது தாண்டிய, மாற்றம் செய்யாத காரை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம், ஆனால் தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையை ஸ்கூலுக்கும் கொண்டுபோகிற 18 வயதுக் கார் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புகையை அளக்கலாம், பிரேக்கைச் சோதிக்கலாம். அதில் தேறினால் ஓடட்டும், தேறாவிட்டால் நிற்கட்டும். பிறந்த வருஷத்தை மட்டும் பார்ப்பதைவிட அது நியாயம்.

பெருங்களத்தூர் வாசலில் காலையில் வரிசையில் நிற்கும் கார்களில் பலவற்றுக்கு இன்னும் கடன் முடிந்திருக்காது. பத்து வருஷம் கழித்து அவற்றைத் திறந்து பார்க்கவும் சரிசெய்யவும் ஓர் உள்ளூர் மெக்கானிக்குக் கருவியும் அனுமதியும் இருக்குமா என்பதை யாரும் இப்போது கேட்பதில்லை. வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி அது.