குறி மாறிய கோணம்

1923-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் வால்டர் கேடி ஐரோப்பாவுக்குச் சென்றபோது சில குவார்ட்ஸ் படிகத் துண்டுகளைத் தம்முடன் கொண்டுபோனார். இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆய்வுக்கூடங்களிலும் பின்னர் வாஷிங்டனிலும் அவற்றின் அதிர்வெண் அளக்கப்பட்டது. படிகத்தை அளப்பதாகப் பெயர், சோதனைக்குள்ளானவை ஆய்வுக்கூடங்கள்தாம். எங்கு சென்றாலும் ஒரே கதியில் அதிரும் கல்லுக்கு இரண்டு கூடங்கள் இரண்டு எண்களைச் சொன்னால், ஏதோ ஒன்றின் அளவுகோல் பிழை என்றாகிறது. வானொலி அதிர்வெண் அளவுகளை நாடுகளுக்கிடையே நேராக ஒப்பிட்ட தொடக்க முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

குவார்ட்ஸை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880-இல் பாரிசில் ழாக், பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்ற மறுதலை உண்மையை மறு ஆண்டே லிப்மன் கணிதத்தால் ஊகிக்க, கியூரிகள் சோதித்து உறுதிசெய்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கேடி அந்த அதிர்வைக் கொண்டு வானொலி அலையியற்றியைக் கட்டுப்படுத்தினார். ஒலிபரப்பு நிலையங்கள் ஒன்றன் அலைவரிசையில் மற்றொன்று புகுந்து குழப்பிய காலம் அது. படிகம் அவற்றைத் தத்தம் இடத்தில் நிறுத்தியது.

ஆனால் வெப்பம் மாறினால் படிகத்தின் கதியும் மாறும். எந்தக் கோணத்தில் அறுத்தால் இம்மாற்றம் மிகக் குறையும் என்ற தேடலில், 1930-களின் முற்பாதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தாரும் ஜப்பானின் இஸ்ஸாக் கோகாவும் ஜெர்மனியின் பெக்மனும் தனித்தனியே ஒரே வெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று அது ஏ.டி. வெட்டு எனப்படுகிறது, கோணம் ஏறத்தாழ 35 பாகை 15 கலை.

கோணம் சரி, எந்தப் பக்கம் சாய்ந்த கோணம்? நம்மைத் தடுத்து நிறுத்திய கேள்வி இதுதான். இயற்கையில் குவார்ட்ஸ் வலக்கை, இடக்கை என ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் விளைகிறது. அதனுள் அச்சுகளைக் கற்பித்து, எது நேர்த்திசை, எது எதிர்த்திசை என்று மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும். அமெரிக்க வானொலிப் பொறியாளர் கழகம் 1949-இல் ஒரு மரபை வகுத்தது. அதன்படி ஏ.டி. வெட்டின் கோணம் கூட்டற்குறி பெற்றது. அதன் வழிவந்த ஐ.இ.இ.இ. அமைப்பின் 1978-ஆம் ஆண்டுத் தரநிலையில் எக்ஸ் அச்சின் நேர்த்திசை மறுபக்கம் திரும்பிவிட்டதால், அதே வெட்டு கழித்தற்குறியுடன் எழுதப்பட்டது. கல்லில் ஒரு மாற்றமும் இல்லை. ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். அங்கே பிழையான பாடம் பொருளைக் கெடுக்கும். இங்கே ஒரு மரபின் மாறிலிகளோடு மற்றதன் கோணத்தைக் கலந்து கணக்கிடுபவர் வேறொரு வெட்டுக்குப் போய்ச் சேர்வார், அது வெப்பத்துக்கு வளைந்து கொடுக்கும்.

1978-இன் ஒழுங்கு தருக்கரீதியாகக் குறையுடையதன்று. எனினும் அலையியற்றித் தொழிலில் இருப்போர் பெரும்பாலும் 1949-இன் மரபையே விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பட்டறைகளின் வரைபடங்களும் கோணம் பார்க்கும் பழக்கமும் அதற்கேற்ப அமைந்துவிட்டிருந்தன. அவர்களைப் பழமைவாதிகள் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

1906-இல் லண்டனில் உருவான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இவ்வகைக் கருவிகளுக்கென்றே 49-ஆம் எண் தொழில்நுட்பக் குழுவை வைத்திருக்கிறது. குவார்ட்ஸ் படிக அலகுகளுக்கான அதன் தரநிலை 60122 என்ற எண்ணுடையது. ஒரு நாட்டில் செய்த படிகம் மற்றொரு நாட்டின் கருவியில் பொருந்த இத்தகைய ஏடுகள் துணைநிற்கின்றன. அச்சின் குறி விஷயத்தில் மட்டும், இன்றைய கணிப்பு மென்பொருள்களின் கையேடு இரு மரபுகளையும் அடுத்தடுத்து அச்சிட்டு, எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று பயனரிடமே விட்டுவிடுகிறது.